எவரெஸ்டை மிஞ்சிய எரிமலை!

உலகிலேயே உயரமான மலை எது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பையன்கூட யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவான். எவரெஸ்ட்!

பதில் சரிதான். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். அதாவது 29,032 அடி. அதை மிஞ்ச வேறு மலை கிடையாது.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பூமியின் நடுமையத்திலிருந்து அளந்தால், மிகத் தொலைவில் நிற்கும் சிகரம் எது?

எவரெஸ்ட் அல்ல! தென் அமெரிக்காவில், ஈக்வடார் என்ற சின்னஞ்சிறு நாட்டில் நிற்கும் ஒரு எரிமலை. அதன் பெயர் சிம்பொராசோ.

கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் அதன் உயரம் 6,263 மீட்டர்தான். எவரெஸ்டைவிட இரண்டரை கிலோமீட்டர் குட்டை. ஆனால் பூமியின் மையத்திலிருந்து அளந்தால், எவரெஸ்டைவிட ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நெட்டை!

ஒரே மலை ஒரு கணக்கில் குட்டை, இன்னொரு கணக்கில் நெட்டை. இது எப்படி? அந்த மலைமீது முதலில் ஏறியது யார்? பெயர் பெற்றது யார்? சுமை தூக்கியது யார்? எல்லாம் சுவையான கதை.

பூமியின் தொந்தி

பூமி பந்துபோல உருண்டை என்று படித்திருக்கிறோம். உண்மையில் அது சரியான உருண்டை அல்ல. தன்னைத்தானே சுற்றிச் சுற்றி, நடுவில் சற்றுப் புடைத்துப் போயிருக்கிறது. நம்மில் சிலருக்குத் தொந்தி இருப்பதுபோல!

பூமியின் மையத்திலிருந்து துருவம்வரை தூரம் சுமார் 6,357 கிலோமீட்டர். மையத்திலிருந்து நிலநடுக்கோடுவரை சுமார் 6,378 கிலோமீட்டர். 21 கிலோமீட்டர் வித்தியாசம்.

சிம்பொராசோ நிற்பது ஏறக்குறைய நிலநடுக்கோட்டின் மேலேயே. அதாவது, தொந்தியின் உச்சியில். எவரெஸ்டோ அங்கிருந்து வெகு வடக்கே இருக்கிறது. ஆகவே சிம்பொராசோவின் உச்சி மையத்திலிருந்து 6,384.4 கிலோமீட்டர் தூரத்தில் நிற்கிறது. எவரெஸ்டின் உச்சி 6,382.3 கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. குட்டையான ஆள் மேடைமேல் ஏறி நின்றதுபோலத்தான்!

பூமிக்குத் தொந்தி உண்டு என்பதை அளந்து நிரூபிக்க உதவியதும் இந்த வட்டாரமே. 1736-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் குழு ஒன்று ஈக்வடாரில் வந்து இறங்கியது. பல ஆண்டுகள் காடு மேடெல்லாம் அலைந்து, நிலத்தை அளந்தது. அந்தக் குழுவில் இருந்த புகே, லா கோண்டமின் என்ற இருவர் 1738-ல் சிம்பொராசோவின் சரிவில் விசித்திரமான ஒரு சோதனை செய்தார்கள்.

சாரத்தில் நின்று சுவர் எழுப்பும் கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு நன்றாகத் தெரியும். நூலில் கட்டித் தொங்கவிட்டால் நேர்கீழே நிற்கும். "பக்கத்தில் பெரிய மலை இருந்தால், அது குண்டைத் தன் பக்கம் இழுக்காதா?" என்று இந்த இருவரும் கேட்டார்கள். பனியிலும் புயல் காற்றிலும் நடுங்கிக்கொண்டே சோதித்தார்கள். குண்டு மயிரிழை அளவு மலைப்பக்கம் சாய்ந்தது! மலைக்கும் ஈர்ப்புச் சக்தி உண்டு என்பதற்கு அது ஆரம்பச் சான்று.

அப்பா மலை

ஈக்வடாரின் தலைநகரம் கீட்டோ. அங்கிருந்து தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் சென்றால் சிம்பொராசோ. அருகிலுள்ள பெரிய ஊர் ரியோபாம்பா.

நம் நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். இரண்டு தொட்டபெட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் சிம்பொராசோவை எட்ட முடியாது. மேலே இன்னும் ஒரு கிலோமீட்டர் வேண்டும்.

இது எரிமலை என்றாலும் இப்போது நெருப்புக் கக்குவதில்லை. கடைசியாக வெடித்து ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் ஆகின்றன என்பது நில ஆராய்ச்சியாளர்கள் கணக்கு. உச்சியில் இன்று நெருப்பு இல்லை. பனிக்கட்டிதான்.

அந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் சிம்பொராசோவை "அப்பா" என்று அழைக்கிறார்கள். எதிரே இருக்கும் துங்குராவா என்ற எரிமலை அவர்களுக்கு "அம்மா". ஈக்வடார் நாட்டின் அரசுச் சின்னத்திலும் சிம்பொராசோ இடம்பெற்றிருக்கிறது.

உச்சியைத் தேடி

அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1769-ல் பெர்லினில் பிறந்தவர். சுரங்க இலாகாவில் அதிகாரியாக வேலை பார்த்தவர். தாயார் இறந்ததும் கிடைத்த சொத்தைக்கொண்டு, வேலையை உதறிவிட்டு உலகத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

1802 ஜூன் 23. ஹம்போல்ட் சிம்பொராசோவில் ஏறத் தொடங்கினார். அவருடன் பிரெஞ்சுத் தாவர நிபுணர் போன்ப்ளான், கீட்டோ நகரத்துப் பிரபுவின் மகன் கார்லோஸ் மோன்டூஃபார், வழிகாட்டவும் கருவிகளைச் சுமக்கவும் உள்ளூர் ஆட்கள் சிலர்.

அன்றைக்கு உலகத்திலேயே உயரமான மலை சிம்பொராசோதான் என்று ஐரோப்பாவில் எல்லோரும் நம்பினார்கள். இமயத்தின் உயரத்தை யாரும் சரியாக அளந்திருக்கவில்லை.

பாதிவழி கோவேறு கழுதையில். பிறகு நடை. சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ளூர் ஆட்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் திரும்பிவிட்டார்கள். மூச்சு முட்டுகிறது என்றார்கள். எஞ்சியவர்கள் நான்கே பேர்.

பாதை ஒரு கூர்மையான முகடு. சில இடங்களில் அகலம் ஒரு சாணுக்குமேல் இல்லை. ஒரு பக்கம் பனிச் சரிவு, மறுபக்கம் பாறைப் பள்ளம். கையாலும் காலாலும் தவழ்ந்து போனார்கள். ஈறுகளிலும் உதடுகளிலும் ரத்தம் கசிந்தது. கண்கள் சிவந்தன. தலை சுற்றியது. அத்தனைக்கும் நடுவே ஹம்போல்ட் அவ்வப்போது நின்று, பாரமானியை எடுத்துக் காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டார்!

திடீரென்று மூடுபனி விலகியது. உச்சி கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் குறுக்கே ஆழமான பெரும் பிளவு. தாண்ட வழியே இல்லை. திரும்பிவிட்டார்கள்.

பாரமானிக் கணக்குப்படி அவர்கள் எட்டிய உயரம் 5,878 மீட்டர். அவ்வளவு உயரம் இல்லை என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். எப்படியானாலும், மனிதர் ஏறிய அதிகபட்ச உயரம் இதுவே என்று ஐரோப்பா கொண்டாடியது. உச்சியைத் தொடாமலே ஹம்போல்ட் உலகப் புகழ் பெற்றார்!

கடைசிவரை கூட வந்த அந்த நான்காவது ஆள் யார்? ஹம்போல்ட் பிற்பாடு எழுதிய கட்டுரையில் அவருக்குப் பெயர் இல்லை. சான் ஹுவான் கிராமத்தைச் சேர்ந்த கலப்பினத்தவர் என்பதோடு முடிந்துவிடுகிறது.

மோன்டூஃபாரின் பெயர் நிலைத்தது, வேறு காரணத்தால். ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போரில் குதித்த அவரை 1816-ல் ஸ்பானியப் படையினர் சுட்டுக் கொன்றார்கள்.

அவர்களுக்கு முன்பே...

ஹம்போல்ட்தான் அதுவரை மிக உயரம் ஏறியவர் என்ற பெருமை உண்மையா? இல்லை!

1999-ல் அர்ஜென்டினா, சிலி நாடுகளின் எல்லையிலுள்ள யுயாய்யாகோ எரிமலையின் உச்சியை ஆராய்ச்சியாளர்கள் தோண்டினார்கள். அதன் உயரம் 6,739 மீட்டர். சிம்பொராசோவைவிட உயரம். அங்கே மூன்று குழந்தைகளின் உடல்கள், சுமார் 500 ஆண்டுகளாகக் குளிரில் கெடாமல், உட்கார்ந்த நிலையில் இருந்தன. இன்கா மக்கள் தங்கள் தெய்வத்துக்குக் கொடுத்த பலி.

அந்தக் கொடிய வழக்கத்தை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஹம்போல்ட் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, பாரமானியும் ஐரோப்பிய பூட்சும் இல்லாத மனிதர்கள் அவரைவிட உயரம் ஏறியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் புத்தகம் எழுதவில்லை. அவ்வளவுதான்.

பரங்கிமலையில் விழுந்த முதல் சங்கிலி

ஹம்போல்ட் மலையேறிய அதே 1802-ல், உலகத்தின் மறுபக்கத்தில் இன்னொரு காரியம் தொடங்கியது. எங்கே தெரியுமா? நம் சென்னையில்!

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம், பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 100 அடி நீள இரும்புச் சங்கிலியைத் தரையில் விரித்து அளக்க ஆரம்பித்தார். தெற்கு நோக்கி ஏழரை மைல். இந்தியா முழுவதையும் அளந்து முடித்த மாபெரும் முக்கோண அளவைக்கு அந்தக் கோடுதான் அஸ்திவாரம்.

பரங்கிமலையில் தொடங்கிய அந்த அளவை, பல பத்தாண்டுகள் வடக்கு நோக்கி நகர்ந்தது. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கூலியாட்கள் தோளில் தூக்கிக்கொண்டு மலைமேலும் கோபுரத்தின்மேலும் ஏறினார்கள். காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்கள் ஏராளம். கடைசியில் அளவை இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டது.

அதற்கு முன்பே, 1810 வாக்கில், நேபாளத்தின் தவளகிரியை அளந்த ஆங்கிலேயர்கள் அது சிம்பொராசோவைவிட மிக உயரம் என்று அறிவித்திருந்தார்கள். ஐரோப்பிய நிபுணர்கள் நம்ப மறுத்தார்கள். அளவில் பிசகு என்றார்கள். ஆனால் ஆண்டுகள் போகப்போக, கணக்கை மறுக்க முடியவில்லை.

"பதினைந்தாம் சிகரம்" என்று எண் மட்டுமே சூட்டப்பட்டிருந்த ஒரு மலையை, சமவெளியில் நின்றபடியே பல இடங்களிலிருந்து பார்த்துக் கோணங்களைக் குறித்துவைத்தார்கள். அந்தக் கோணங்கள் கணக்குப் பிரிவுக்குப் போயின. அங்கே தலைமைக் கணக்காளராக இருந்தவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி.

அந்தக் காலத்தில் "கம்ப்யூட்டர்" என்றால் இயந்திரம் அல்ல. உட்கார்ந்து கணக்குப் போடும் ஆளுக்குத்தான் அந்தப் பெயர்! சிக்தாரின் உத்தியோகப் பெயரே கம்ப்யூட்டர்.

1852-ல் கணக்கு முடிந்தது. பதினைந்தாம் சிகரம்தான் உலகின் உச்சி என்று தெரிந்தது. மறுபடி மறுபடி சரிபார்த்து, 1856-ல் 29,002 அடி என்று வெளி உலகுக்கு அறிவித்தார்கள். இன்றைய அளவுக்கும் அதற்கும் 30 அடிதான் வித்தியாசம். பேனாவும் காகிதமும் கொண்டு, மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கு!

அந்தச் சிகரத்துக்கு, அளவைத் துறையின் முன்னாள் தலைவரான ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார்கள். கணக்குப் போட்ட சிக்தாரின் பெயரை நம் ஊர்ப் பாடப் புத்தகங்களிலேயே தேடித்தான் பார்க்க வேண்டும்.

இமயத்தைப் பார்க்க வேண்டும் என்று ஹம்போல்ட்டுக்குக் கொள்ளை ஆசை. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி பெற லண்டனுக்கு நடையாய் நடந்தார். கம்பெனி கடைசிவரை அனுமதி தரவில்லை. 1859-ல், இறக்கும் ஆண்டில், தம் 89-ஆம் வயதில் ஹம்போல்ட் ஓவியர் ஒருவர்முன் உட்கார்ந்தார். ஓவியத்தில் அவருக்குப் பின்னால் தெரிவது, பட்டம் பறிபோன சிம்பொராசோதான்.

விம்பர் வருகிறார்

1831-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பூசிங்கோவும் கர்னல் ஹால் என்பவரும் ஏறி, சுமார் 6,000 மீட்டர்வரை சென்றதாக அறிவித்தார்கள். உச்சியை அவர்களும் தொடவில்லை. கன்னி மலையாகவே சிம்பொராசோ நின்றது.

பிறகு வந்தார் எட்வர்டு விம்பர். லண்டன்காரர். மரக்கட்டையில் படம் செதுக்கும் தொழில். 1865-ல் ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர் அவரே. ஆனால் இறங்கும்போது கயிறு அறுந்தது. அவரது கூட்டத்தில் நான்கு பேர் விழுந்து மாண்டார்கள். அந்த நிழல் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அதே மாட்டர்ஹார்னில் விம்பருக்குப் போட்டியாக இத்தாலியப் பக்கத்திலிருந்து ஏறியவர் ழான் அந்துவான் கரெல் என்ற மலை வழிகாட்டி. விம்பர் உச்சியைத் தொட்டு மூன்றே நாளில் அவரும் தொட்டார். பழைய போட்டியாளரையே ஈக்வடாருக்கு அழைத்து வந்தார் விம்பர்! கரெலின் உறவினரான லூயி கரெலும் கூட வந்தார்.

விம்பருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உயரத்தில் போனால் மனிதனுக்கு உடம்பு ஏன் இப்படி ஆகிறது? அதைச் சோதிக்கத்தான் அவர் வந்தார்.

சோதனைக்குப் பதில் சீக்கிரமே கிடைத்தது. 1879 டிசம்பர் கடைசியில் சுமார் 16,600 அடியில் கூடாரம் அடித்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூவரும் படுத்துவிட்டார்கள்! மண்டையைப் பிளக்கும் தலைவலி. காய்ச்சல். கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தார்கள். உலகின் தலைசிறந்த மலையேறிகள் மூன்று பேர் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார்கள்.

காரணம் என்ன? உயரத்தில் காற்று குறைவு. சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் பாதி பிராணவாயுதான் உள்ளே போகிறது. பிரான்சு நாட்டு விஞ்ஞானி பால் பெர்ட் 1878-ல்தான் இதைச் சோதனைமூலம் விளக்கியிருந்தார். ஹம்போல்ட்டைத் திணற வைத்ததும் இதுவே.

மருந்து ஒன்றுதான். பொறுமை. மேலே ஏறிச் சில நாள் தங்கினால் உடம்பு மெல்லப் பழகிக்கொள்ளும். சில நாளில் அவர்கள் எழுந்தார்கள். கூடாரத்தை இன்னும் மேலே கொண்டுபோனார்கள்.

மாவில் நடந்ததுபோல...

1880 ஜனவரி 4. விடியற்காலையில் கிளம்பினார்கள். முதலில் பாதை நன்றாகத்தான் இருந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே வந்தது சோதனை. கால் வைத்தால் இடுப்புவரை புதையும் பூப்பனி! மாவு மூட்டைகளைக் கொட்டி வைத்ததுபோலக் கிடந்தது. பனியை அடித்து இறுக்கி, அதன்மேல் கைகால் ஊன்றித் தவழ்ந்து போனார்கள். கொஞ்ச தூரத்துக்குப் பல மணி நேரம்.

ஒருவழியாக உச்சிக்கு ஏறினார்கள். ஏறிப் பார்த்தால்... பக்கத்தில் இன்னொரு உச்சி! அதுதான் உயரம். இறங்கி, மறுபடி பூப்பனியில் புதைந்து, அதிலும் ஏறினார்கள். மாலை நான்கு மணியை நெருங்கும் நேரம். சிம்பொராசோவின் உச்சியில் மனிதக் கால் பட்டது.

இருட்டில் தட்டுத் தடுமாறிக் கூடாரம் திரும்பினார்கள். ஏறத்தாழ 16 மணி நேர வேலை. லூயி கரெலின் கால்கள் பனியில் வெந்துபோயின. பல வாரம் நடக்க முடியாமல் அவதிப்பட்டார்.

விம்பர் பாரமானியைக்கொண்டு கணக்கிட்ட உயரம் 20,498 அடி. இன்றைய அளவு 20,548 அடி!

நம்பாதவர்களுக்கு ஒரு வாக்குமூலம்

இவ்வளவு பாடுபட்டும் ஈக்வடாரில் பலர் நம்பவில்லை. அந்த உச்சிக்கு மனிதன் போக முடியாது என்றார்கள். புதையல் தேட வந்தவர்கள் என்றும் பேசிக்கொண்டார்கள்.

விம்பர் சும்மா இருப்பாரா? அதே ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி இரண்டாம் முறை ஏறினார். இந்தத் தடவை உள்ளூர்க்காரர்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டார். ஒருவர் மசாச்சி ஊரைச் சேர்ந்த டேவிட் பெல்ட்ரான். மற்றவர் கீட்டோவைச் சேர்ந்த ஹாவியர் கம்பாஞா.

அன்று காலை அவர்கள் கண்ட காட்சி யாருக்கும் கிடைக்காதது. ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால் கோட்டோபாக்சி எரிமலை வெடித்தது! மைக்கறுப்பான சாம்பல், தூண்போல 20,000 அடி எழுந்து நின்றது. பிறகு காற்றில் பரவி, வானத்தை மூடிக்கொண்டு இவர்களை நோக்கி வந்தது. சாம்பலின் ஊடே சூரியன் பச்சையாகத் தெரிந்தது. உச்சியில் நின்றபோது வெண்பனியின்மேல் சாம்பல் உதிர்ந்து, கண்ணையும் வாயையும் நிறைத்தது.

கீழே இறங்கியபின், பிரிட்டிஷ் கான்சல் முன்னிலையில் கம்பாஞா வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். உச்சிக்குப் போனது உண்மை என்று சாட்சி சொன்னார். விம்பர் அதைத் தம் புத்தகத்தில் அச்சிட்டார். சுமை தூக்கவும் துணை வரவும் சேர்க்கப்பட்ட உள்ளூர்க்காரரின் சொல்தான், உலகப் புகழ் பெற்ற மலையேறியின் மானத்தைக் காத்தது!

சிம்பொராசோவுக்குப் பல உச்சிகள். மிக உயர்ந்த உச்சிக்கு இன்று விம்பர் என்று பெயர். சரிவிலுள்ள தங்கும் விடுதிகளில் ஒன்றுக்கு விம்பர் பெயரும், மற்றொன்றுக்குக் கரெல் பெயரும் இருக்கின்றன. அந்தக் கரெல் 1890-ல் மாட்டர்ஹார்னில் புயலில் சிக்கினார். தம்மை நம்பி வந்தவரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, சோர்ந்து விழுந்து இறந்துபோனார்.

மலை விழுங்கிய விமானம்

1976 ஆகஸ்டு 15. கீட்டோவிலிருந்து குவெங்கா நகருக்கு 59 பேருடன் ஒரு விமானம் கிளம்பியது. போய்ச் சேரவே இல்லை. தேடினார்கள், தேடினார்கள். ஒரு துண்டுத் தகடுகூடக் கிடைக்கவில்லை. விமானத்தை யாரோ கடத்திவிட்டார்கள் என்றெல்லாம் வதந்தி உலவியது. உயிருடன் இருப்பார்கள் என்று குடும்பங்கள் காத்திருந்தன.

26 ஆண்டுகள் ஓடின. 2002-ல் சிம்பொராசோவில், 5,000 மீட்டருக்கு மேலே, மலையேறிகள் சிலர் விமானத்தின் சிதைவுகளைக் கண்டார்கள். காத்திருந்தவர்களுக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

1993 நவம்பரில் பனிச்சரிவு ஒன்று மலையேறிகள் 10 பேரை ஒரே நேரத்தில் புதைத்தது. ஆகவே இன்றும் ஏறுகிறவர்கள் நள்ளிரவு வாக்கில் கிளம்புகிறார்கள். வெயில் ஏறினால் பனி இளகும். கல் உருளும். சூரியன் சுடுவதற்குள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும்.

ஐஸ் வெட்டிய மனிதர்

புகழுக்காக மலையேறியவர்கள் கதை இது. வயிற்றுக்காக ஏறியவர்களும் உண்டு.

அந்தக் காலத்தில் சென்னைக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது. அதைச் சேமித்த கட்டடம்தான் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ். ரியோபாம்பா மக்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஐஸ் தலைக்குமேலேயே இருந்தது! ஏறி வெட்டிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

அதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் மலையடிவாரத்தில் வாழ்ந்தன. அவர்களில் கடைசி மனிதர் பல்தசார் உஷ்கா. குள்ளமான உருவம். சிறுவயதில் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, வாரத்தில் இரண்டு நாள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு மேலே போவார். ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில், மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் பனிப்பாறையைக் கோடரியால் வெட்டுவார். ஹம்போல்ட்டின் ஆட்கள் மூச்சுமுட்டித் திரும்பிய அதே உயரம்! வெட்டிய கட்டிகளை மலைப்புல்லில் சுற்றிக் கட்டுவார். ஒவ்வொரு கட்டியும் ஒரு மூட்டை சிமென்டில் பாதிக்கு மேல் கனம். கழுதைமேல் ஏற்றி, ரியோபாம்பா சந்தையிலுள்ள பழச்சாறுக் கடைகளுக்குக் கொண்டுபோவார்.

ஐஸ் தொழிற்சாலை வந்தது. குளிர்பதனப் பெட்டி வந்தது. விலை கட்டவில்லை. அவருடைய சகோதரர்களே தொழிலை விட்டுவிட்டார்கள். உஷ்கா விடவில்லை. அவரைப் பற்றிப் படம் எடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து பார்த்தார்கள். 2024 அக்டோபரில், 80 வயதில் அவர் காலமானார்.

விம்பர் அந்த மலையில் உச்சிவரை ஏறியது இரண்டு தடவை. ஹம்போல்ட் ஏறியது ஒரே தடவை. உஷ்கா ஏறிய தடவைகளுக்குக் கணக்கே இல்லை. உச்சிக்கு அவர் போனதில்லை. போக வேண்டிய வேலையும் அவருக்கு இல்லை.

இன்று

உலகம் சூடாகி வருவதால் சிம்பொராசோவின் பனி சுருங்கிக்கொண்டே போகிறது. பனி உருகி ஓடும் நீரை நம்பி அடிவாரத்தில் உழவர்கள் இருக்கிறார்கள். ஹம்போல்ட் வந்தபோது எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று படம் போட்டு எழுதி வைத்தார். 1807-ல் வெளிவந்த அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய ஆராய்ச்சியாளர்கள் மலையைப் பார்க்கிறார்கள். செடிகள் அன்று இருந்த இடத்தைவிட மேலே ஏறியிருக்கின்றன. கீழே வெப்பம் கூடியதால், அவையும் குளிர் தேடி மலையேறுகின்றன!

2016-ல் பிரெஞ்சு, ஈக்வடார் நிபுணர்கள் செயற்கைக்கோள் கருவிகளைச் சுமந்துகொண்டு உச்சிக்குப் போய் மறுபடி அளந்தார்கள். அதற்கு முன்பு 6,268 மீட்டர் என்று எழுதி வந்தார்கள். இப்போது 6,263. கடல் மட்டக் கணக்கில் ஐந்து மீட்டர் குறைந்துவிட்டது. ஆனால் பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கணக்கில் முதலிடம் இன்னும் சிம்பொராசோவுக்குத்தான்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை, "உலகத்திலேயே பெரிய மலை எது?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "எங்கிருந்து அளக்கிறாய், தம்பி?" என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு, பரங்கிமலையில் போட்ட சங்கிலியையும், கணக்குப் போட்ட சிக்தாரையும், கழுதையோடு ஏறிய உஷ்காவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.